கண்ணை மூடிய ஒன்பது நிமிடம்

ஞாயிறன்று சிஸ்டர் ஜெபம் பண்ண ஆரம்பித்தால், வீட்டுக்குப் போய்க் குளித்து, துணி மாற்றி, சாவகாசமாகத் திரும்பி வந்துவிடலாம், அவர் இன்னும் ஆமென் சொல்லியிருக்க மாட்டார் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு. கேலிதான், ஆனால் பாசமான கேலி. அப்படிச் சொன்னவர்களே அடுத்த ஞாயிறு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அவர் அறை வாசலில் வரிசையில் நிற்பார்கள்.

அறை என்றால் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஜெபக்கூடத்தின் பக்கவாட்டில், உடைந்த நாற்காலிகளையும் அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்களையும் போட்டு வைத்திருந்த இடம். முப்பத்தொரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து சிஸ்டர் ஓய்வு பெற்ற மாதமே போதகர் வந்து, "சிஸ்டர், இனிமே சும்மா இருக்கப் போறீங்களா?" என்று கேட்டார். சும்மா இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. அறையைக் கழுவினார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மடக்குத் திரை, பிரஷர் பார்க்கும் கருவி, எடை பார்க்கும் கருவி, ஒரு நீள நோட்டு. ஆராதனை முடிந்ததும் பத்தரை மணிக்குக் கதவைத் திறப்பார். பிரஷர் பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, டாக்டர் எழுதிய சீட்டைப் புரியும்படி சொல்வது, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து சாக்குச் சொல்கிறவர்களைத் திட்டி அனுப்புவது. கடைசியில், விரும்புகிறவர்களுக்கு ஜெபம். விரும்பவில்லை என்று சொல்லும் தைரியம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

எட்டு வருஷம் இப்படி நன்றாகத்தான் போனது. அதன் பிறகு தையல்காரம்மாவின் ஞாயிறு வந்தது.

சபையில் பாதிப் பேர் தையல்காரம்மா தைத்ததைத்தான் உடுத்தியிருப்பார்கள். அறுபத்தாறு வயசு. நாற்பது வருஷம் கத்தரி பிடித்த வலது கை. அவர் கை குலுக்கினால் குலுக்குகிறவரின் மோதிரம் விரலுக்குள் இறங்கும். சிஸ்டரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அதனால் அவருடைய ஒரே மகளுக்கு சிஸ்டர் பெரியம்மா. மகள் நல்ல உயரம், கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிறவள், குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஊரெல்லாம் சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிட, பெரியம்மா என்று உரிமையாகக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள். சிஸ்டருக்குப் பிள்ளைகள் இல்லை.

பதினாலு மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிறன்று தையல்காரம்மா தலைவலி என்று வந்து உட்கார்ந்தார். முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரியோடு குப்பைத்தொட்டி விஷயமாக வாய்ச்சண்டை, அதுதான் மண்டையைக் குடைகிறது என்று காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார். பிரஷர் நூற்றெண்பத்தாறுக்கு நூற்றெட்டு. அதிகம்தான். ஐந்து நிமிஷம் அசையாமல் உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும், எந்த நர்ஸும் அதைத்தான் செய்வார். அந்த ஐந்து நிமிஷத்தை வீணாக்குவானேன் என்று சிஸ்டர் அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

அந்த நேரம் பக்கத்துக் கூடத்தில் பாடகர் குழு ஒத்திகையைத் தொடங்கியது. புதுப் பாட்டு. முதல் வரியை எடுத்தார்கள். தையல்காரம்மாவின் பிடி இளகியது. முதலில் சுண்டுவிரல், பிறகு ஒன்றொன்றாக மற்ற விரல்கள், சிஸ்டரின் உள்ளங்கையை விட்டுக்கொடுத்தன.

சிஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. மனசு இளகிவிட்டது, சமாதானம் வந்துவிட்டது என்று நினைத்தார். தன் ஜெபம் பலிக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். வேறு எதை மன்னித்தாலும் அந்தச் சந்தோஷத்தை மட்டும் அவரால் பிற்பாடு மன்னிக்க முடியவில்லை. நன்றாக வரும் ஜெபத்தை நடுவில் நிறுத்தலாமா? நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரிக்காக, மகளின் கல்யாணத்துக்காக, ஒழுகுகிற சபைக் கூரைக்காக எல்லாம் வேண்டிக்கொண்டார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது தையல்காரம்மாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கண் மூடியிருக்கவில்லை. அது சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் சிஸ்டர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆம்புலன்ஸ் ஏழு நிமிஷத்தில் வந்தது, அதுவரை அவரைச் சரிவாகப் படுக்கவைத்து, கூடவே வண்டியில் ஏறினார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்டார்; பக்கவாதத்துக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்கும். "பதினொண்ணு இருபது," என்றார் சிஸ்டர். அது ஆமென் சொன்ன நேரம். கை இளகிய நேரம் எது என்று அவர் வாய் சொல்லவில்லை. தையல்காரம்மா மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மகள் சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பெரியம்மா, அம்மா பயந்தாங்களா?"

"இல்ல கண்ணு. ஜெபம் பண்ணும்போதே கை அப்படியே இளகிச்சு. சமாதானமா இருந்தாங்க. அதுக்கப்புறம்தான் வந்தது."

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால் மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடக்கத்தின்போது போதகர் அதைச் சொல்லிப் பிரசங்கம் பண்ணினார். நினைவு அட்டையில் படத்துக்குக் கீழே அச்சடித்தார்கள்: ஜெபத்தில் கை இளகி, சமாதானத்தோடு போனாள். சிஸ்டருக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிரஷர் கருவியின் பெட்டிக்குள் வைத்தார். ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியைத் திறக்கும்போது அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு அந்தக் கை சிஸ்டரை விடவில்லை.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று, வெயிலுக்குக் கண்ணை மூடினால் போதும், உள்ளங்கைக்குள் ஒரு கை வந்து உட்காரும். சூடான, ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள். இறுக்கிப் பிடிக்கும். பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விடும். பாத்திரம் கழுவும்போது, துணி பிழியும்போது, பட்டப்பகலில் வரும். கண்ணைத் திறந்தால் கை இருக்காது. ஆனால் எதிரே யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கும். எத்தனை நேரமாக அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்? கூப்பிட முயன்றிருப்பாரா? இந்தக் கேள்விகளை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

தையல்காரம்மா உட்கார்ந்த நாற்காலிக்கு இடது கைப்பிடியில் ஒரு விரிசல். சிஸ்டர் அதைத் தூக்கிக் குப்பை எடுக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் அது அறையில் இருந்தது. மறுபடி வைத்தார், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை சபையைக் கூட்டிப் பெருக்குகிறவர் வந்து நியாயம் கேட்டார்.

"நல்ல நாற்காலி சிஸ்டர். நாலு காலும் கல்லு மாதிரி இருக்கு. யாரோ பொறுப்பில்லாம வெளிய போடுறாங்க. நான் மட்டும் பார்க்கலைன்னா என்னைக்கோ போயிருக்கும்."

"ரொம்ப நன்றி," என்றார் சிஸ்டர்.

சிஸ்டரின் வீட்டுக்காரர் பாடகர் குழுவில் இருந்தார், அது இன்னொரு கொடுமை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் ஓய்வு பெற்ற மனுஷன், குரல் சுமார், உற்சாகம் அபாரம். சவரம் பண்ணும்போதெல்லாம் அந்தப் பாட்டையே முணுமுணுப்பார். ஒரு நாள் சிஸ்டர் கடிகாரத்தோடு ஒத்திகைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்தார். பாட்டு மூன்று நிமிஷம். அன்று கை இளகியதிலிருந்து ஆமென் வரைக்கும் அதை மூன்று தடவை பாடியிருந்தார்கள். ஒன்பது நிமிஷம். தெரிந்துகொண்டால் நிம்மதி வரும் என்று நினைத்துத்தான் போனார். எண் ஒன்று கூடச் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் வீட்டுக்காரர் கேட்டார். "இப்பல்லாம் நீ கண்ணைத் திறந்துக்கிட்டே ஜெபம் பண்றியே, ஏன்?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சோறு ஆறுதான்னு பார்த்தேன்."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. உண்மையில் கண்ணைத் திறந்துகொண்டும் அவர் ஜெபம் பண்ணவில்லை. வாயை மட்டும் அசைத்தார். சபையிலும் அப்படித்தான். சிஸ்டருக்கு வயசாகிவிட்டது, ஜெபம் சுருங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். சிலர் நிம்மதியாகவும் பேசிக்கொண்டார்கள்.

இந்த லட்சணத்தில் அவருடைய சான்றிதழ் புதுப்பிக்கும் வருஷம் வந்தது. சபை, கோயில், மசூதி என்று வழிபாட்டு இடங்களில் வேலை செய்கிற நர்ஸுகள் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை முப்பது மணி நேரம் படித்தாக வேண்டும். ஆறு சனிக்கிழமை, நாளுக்கு ஐந்து மணி நேரம். முடிவதற்குள் ஒரு சம்பவக் குறிப்பு எழுதித் தர வேண்டும்: மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் நீங்கள் வேறு மாதிரி செய்யக்கூடிய ஒன்று. அந்த வரியைப் படித்ததும் சிஸ்டர் தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டார்.

"அறுபத்தொன்பது வயசுல பள்ளிக்கூடமா?" என்று வீட்டுக்காரர் மதிய உணவைக் கட்டிக் கொடுத்தார். "பெஞ்சு மேல ஏறி நிக்கச் சொன்னா போன் பண்ணு, நான் வர்றேன்."

வகுப்பு ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். நீள மேசைகள், ஆடுகிற மின்விசிறி, எழுதாத பேனாக்களாகவே பார்த்து எடுத்து வைத்த ஒரு வெள்ளைப் பலகை. பாடம் எடுத்தவருக்கு நாற்பதுக்குள்தான் வயசு. டீச்சர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் யாரையும் சும்மா விடவும் மாட்டார். பழையவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களுமாகப் பத்தொன்பது பேர். சிஸ்டர் கடைசி மேசையில் இடம் பிடித்தார். பக்கத்து நாற்காலியை யாரோ இழுத்தார்கள். தையல்காரம்மாவின் மகள்.

"உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல பெரியம்மா," என்றாள். "நானும் பேர் குடுத்துட்டேன். படிச்சு முடிச்சதும் ஞாயித்துக்கிழமை அறையில உங்களுக்குத் துணையா இருக்கலாம்னு போதகர்கிட்டயும் கேட்டுட்டேன். உங்களை மாதிரி கையைப் பிடிச்சு ஜெபம் பண்ணணும். எங்க அம்மாவுக்குக் கிடைச்சது மத்தவங்களுக்கும் கிடைக்கணும்."

சிஸ்டர் தலையாட்டினார். நோட்டில் தேதி எழுதினார். பதினாலு மாதத்துக்கு முந்தைய தேதியை எழுதியிருந்தார், அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

முதல் குறிப்பில், பிரஷர் கருவியின் கைப்பட்டை சின்னதாக இருந்ததால் ஒருவருக்குத் தவறான அளவு வந்ததை எழுதிக் கொடுத்தார். டீச்சர் அதன் அடியில், 'இதில் தவறு கருவியுடையது. நீங்கள் எங்கே?' என்று எழுதித் திருப்பித் தந்தார். இரண்டாவதாக, ஒரு முதியவரின் வீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள மறந்ததை எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சிஸ்டருக்கு ஆடத் தெரியும், அதுதான் சங்கடம். எந்தக் காலை எங்கே தப்பாக வைத்தோம் என்று அவருக்கு நிமிஷக் கணக்கில் தெரியும்.

நாலாவது சனிக்கிழமை பாடம், நோயாளி அருகில் ஜெபம். டீச்சர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார். "கண்ணைத் திறந்துவெச்சு ஜெபம் பண்ண முடியலைன்னா, நோயாளி பக்கத்துல ஜெபம் பண்ணாதீங்க. ஆளுங்க உங்களை நர்ஸுன்னு நம்பித்தான் உக்காந்திருக்காங்க."

மசூதி மருந்தகத்திலிருந்து வந்த அண்ணன் கையைத் தூக்கினார். "எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல டீச்சர். நாங்க கண்ணைத் திறந்துதான் தொழுவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுபோனது, ஏனென்றால் பக்கத்தில் மகள் எழுந்து நின்றிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர், கண்ணு வேணும்னே இல்ல. கையே சொல்லும். எங்க அம்மா கடைசியா எங்க பெரியம்மா கையைப் பிடிச்சுட்டு ஜெபத்துல இருந்தாங்க. இறுக்கிப் பிடிச்ச கை அப்படியே இளகிச்சு, அவ்வளவு சமாதானம். நானும் வார்டுல பயந்துபோன அம்மாங்களுக்கு, பாட்டிங்களுக்கு அப்படித்தான் பண்றேன். கண்ணை மூடிக்கிட்டுக் கையைப் பிடிச்சுப்பேன். கை இளகுற வரைக்கும் விடமாட்டேன். இளகினதும் இன்னும் கொஞ்ச நேரம் சேர்த்து ஜெபம் பண்ணுவேன்."

டீச்சர், "எந்தக் கை?" என்று கேட்டார்.

"வலது கை."

"அப்புறம்?"

"அப்புறம்தான் ஸ்ட்ரோக் வந்தது."

டீச்சரின் பார்வை மெதுவாக நகர்ந்து சிஸ்டரின் மேல் நின்றது. மகளும் நர்ஸ்தான், தெரியாதவளா? வேறு எந்த நோயாளியின் கதையாக இருந்தாலும் இந்த இடத்தில் அவள்தான் முதலில் நிமிர்ந்திருப்பாள். ஆனால் பெற்றவள் விஷயம். கண்ணை மூடிக்கொள்ள ஜெபம்தான் வேண்டும் என்பதில்லை.

சிஸ்டர் மகளையே பார்த்தார். இத்தனை நாள் தன்னை மட்டும் பிடித்து ஆட்டுகிறது என்று நினைத்திருந்த பொய், தனக்குத் தெரியாமல் ஒரு வார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. நாளைக்கு எவளோ ஒரு பாட்டியின் கை இளகும். இவள் சந்தோஷப்படுவாள்.

டீச்சர் இருவர் இருவராகப் பிரித்தார். ஒருவர் நர்ஸ், மற்றவர் நோயாளி, நடித்துக் காட்ட வேண்டும். வேண்டுமென்றே செய்தாரோ என்னவோ, கடைசி மேசையை அப்படியே விட்டார். "பெரியம்மா, நீங்க நோயாளி. உங்களுக்கு நான் ஜெபம் பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை," என்று மகள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். சிஸ்டரின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

அவள் சொன்ன ஜெபம் சிஸ்டருடையது. அதே தொடக்கம், அதே இழுப்பு, மூச்சு விடும் இடம்கூட அதே. இத்தனை வருஷம் அறை வாசலில் அம்மாவுக்காகக் காத்து நின்று மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். சிஸ்டர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யோசித்துச் செய்தாரா யோசிக்காமல் செய்தாரா என்று பிற்பாடு அவருக்கே சொல்லத் தெரியவில்லை, சுண்டுவிரலை விட்டார். அடுத்த விரலை விட்டார். ஒன்றொன்றாக எல்லாவற்றையும் விட்டுக் கையைக் கனமாக்கினார்.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. சிரித்தாள். மூடிய கண்ணோடு, உதட்டோரத்தில், சின்னதாக ஒரு சந்தோஷம். ஜெபத்தை நீட்டினாள்.

நானும் இப்படித்தான் சிரித்திருப்பேன். தையல்காரம்மா இந்த நாற்காலியிலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். சிஸ்டர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், வாயைக் கோணினார். மகள் வார்டுக் குழந்தைகளுக்காக வேண்டினாள், டீச்சருக்காக வேண்டினாள், ஒழுகுகிற கூரைக்காகக்கூட வேண்டினாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிஷம் போயிருந்தது. மற்ற ஜோடிகள் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நாலு நிமிஷமே இத்தனை நீளம் என்றால் ஒன்பது?

"கண்ணைத் திற," என்றார் சிஸ்டர்.

மகள் திறந்தாள். சாய்ந்த தலையையும் கோணிய வாயையும் பார்த்துத் துள்ளி எழுந்தாள். "பெரியம்மா! என்ன பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல. நடிச்சேன். உக்காரு."

"இதெல்லாம் ஒரு விளையாட்டா? உயிரே போயிடுச்சு எனக்கு."

"என் கை இளகுச்சே, அப்ப நீ என்ன நினைச்சே?"

"நிம்மதியாயிட்டீங்கன்னு..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக வடிவம் எடுப்பது சிஸ்டருக்குத் தெரிந்தது. இனி அவர் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொல்ல வேண்டியது அவர்தான்.

"உங்க அம்மாவுக்கு வந்தது ஆமெனுக்கு அப்புறம் இல்ல கண்ணு. கை இளகுனப்பவே வந்துடுச்சு. நான் கண்ணை மூடியிருந்தேன். சமாதானம்னு நினைச்சு, சந்தோஷப்பட்டு, இன்னும் ஜெபம் பண்ணிட்டே இருந்தேன். ஒன்பது நிமிஷம். டாக்டர்கிட்டயும் நேரத்தை மாத்திச் சொன்னேன். உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."



மகள் ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். "பயந்தாங்களா?"

"தெரியாது. நான் பார்க்கல. கண்ணைத் திறந்தப்ப என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. எவ்வளவு நேரமாப் பார்த்தாங்கன்னு தெரியல."

மகள் தன் கைகளை எடுத்துக்கொண்டாள். அதுவரை அவள் சிஸ்டரின் கையை விடவில்லை என்பதே அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. நோட்டைப் பைக்குள் வைத்தாள், பேனாவை வைத்தாள், ஜிப்பை இழுத்தாள், அது மாட்டிக்கொண்டது, அப்படியே தோளில் போட்டுக்கொண்டு போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த ஒன்பது நிமிஷம் அவங்களைக் காப்பாத்தியிருக்கும்னு சொல்ல முடியாது சிஸ்டர்."

"காப்பாத்தியிருக்காதுன்னு சொல்ல முடியுமா?"

டீச்சர் பொய் சொல்லவில்லை. "முடியாது," என்றார்.

அன்று சாயங்காலமே சிஸ்டர் குறிப்பை எழுதினார். ஒரு பக்கம்தான் வந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார், இரண்டு தடவை படித்தார், மடித்துக் கொடுத்தார். மறுநாள் சவரம் பண்ணும்போது குளியலறையில் சத்தமே இல்லை. அந்தப் பாட்டை அவர் அதன்பிறகு வீட்டில் பாடவில்லை.

போதகரிடமும் சொல்லி, அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார் சிஸ்டர். சபை முழுவதற்கும் சொல்ல வேண்டுமா என்று போதகர் கேட்டார். அது மகளுடைய விருப்பம் என்றார். மூன்று ஞாயிறு அறை பூட்டியே கிடந்தது. மகள் ஆராதனைக்கும் வரவில்லை, வகுப்புக்கும் வரவில்லை. குழந்தைகள் வார்டுக்குப் போன் பண்ணினால் டியூட்டியில் இருக்கிறாள் என்றார்கள், கூப்பிட்டால் எடுக்கவில்லை. பெற்ற மகளாக இருந்தால் வாசலில் போய் நின்றிருக்கலாம். என்ன உரிமையில் போவது?

நாலாவது வாரம் போதகர் சாவியைத் திருப்பிக் கொண்டுவந்தார். பிரஷர் மாத்திரையை இருவர் நிறுத்திவிட்டார்களாம், கேட்க ஆளில்லையாம். "மகள்கிட்ட பேசினேன்," என்றார். "திறக்கச் சொல்லுங்கன்னு மட்டும் சொன்னா. வேற எதுவும் சொல்லல."

சிஸ்டர் திறந்தார். வரிசை எப்போதும் போல வந்தது. விஷயம் யாருக்காவது தெரியுமா தெரியாதா என்று முகத்தைப் பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பன்னிரண்டரைக்கு நோட்டை மூடும்போது கதவு நிலையில் ஒரு நீள உருவம் குனிந்தது.

மகள் இளைத்திருந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில், திரைக்குப் பின்னால், விரிசல் விட்ட நாற்காலியை சிஸ்டர் யாரும் உட்காராதபடி ஒதுக்கி வைத்திருந்தார். அவள் நேராகப் போய் அதை இழுத்து வந்து மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கையை மேசையில் வைத்தாள்.

"பிரஷர் பாருங்க சிஸ்டர்."

சிஸ்டர். ஊரே கூப்பிடுகிற பெயர்தான், ஒரு நாளும் அது இப்படி வலித்ததில்லை. அவர் பெட்டியைத் திறந்தார். நினைவு அட்டை மேலேயே இருந்தது. மகள் அதை எடுத்தாள், அம்மாவின் படத்தைப் பார்த்தாள், அடியில் அச்சடித்திருந்ததைப் படித்தாள். மேசையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, அட்டையைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்தாள்.

நூற்றுப் பதினாறுக்கு எழுபத்தாறு. சிஸ்டர் நோட்டில் எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"ஜெபம்?" என்றாள் மகள்.

"வேண்டாம் கண்ணு... என்னால..."

"பண்ணுங்க."

வலது கையை நீட்டினாள். சிஸ்டர் அதைத் தன் இரண்டு கைகளுக்குள் வாங்கினார். அவள் பிடித்தாள். அம்மாவின் பிடி அது, அதே இறுக்கம், சிஸ்டரின் மோதிரம் விரலுக்குள் இறங்கியது. வலித்தது. தளரவில்லை. பதினைந்து மாதத்துக்குப் பிறகு சிஸ்டரின் வாயிலிருந்து உண்மையாகவே ஒரு ஜெபம் வந்தது, இரண்டே வரி, இரண்டாவது வரி முடிவதற்குள் குரல் உடைந்தது.

அவ்வளவு நேரமும் மகள் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவின் கண்கள். அவற்றில் மன்னிப்பு இருந்ததா என்று சொல்லத் தெரியாது, கண்ணீர் இருந்தது, கோபம் இருந்தது. சிஸ்டர் ஆமென் வரைக்கும் கண்ணை மூடாமல் அவற்றைப் பார்த்தார்.